பத்தில் தொடங்கும் டேப்

அன்பு மகளுக்கு,

அப்பாவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம், எனக்குக் கண்ணைத் தவிர எல்லாம் நலம், உனக்கு எதையும் தவிர்க்காமல் எல்லாமே நலமாக இருக்கட்டும். வாரம் தவறாமல் அப்பாவிடம் போனில் பேசிவிடுகிறாய், நடுவில் இந்தச் சித்தி எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். போனில் எனக்கு 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. நீ 'ம்' என்றதும் அப்பாவிடமே கொடுத்துவிடுகிறேன். காகிதம் 'ம்' சொல்லாது, அதனால் துணிந்துவிட்டேன்.

நான் சமுதாயக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் தொழில்நுட்பம் சேர்ந்ததை அப்பா சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் மரக்கடையில் பலகை அளவு எழுதினேன். உன் அப்பாவை முதலில் பார்த்ததும் அங்கேதான். முப்பத்திரண்டு வயதில் மறுபடி பெஞ்சில் உட்காரக் கூச்சமாக இருந்தது. நல்லவேளை, பக்கத்தில் உட்காரும் பிளம்பர் என்னைவிடப் பத்து வயது பெரியவர், வகுப்பே அவரைப் பைப் அண்ணன் என்கிறது. இந்தப் பருவத்தில் அவரவர் வீட்டை அளந்து வரைபடம் போட வேண்டும். நான் அப்பாவின் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க ஒவ்வொரு அறையாக அளந்தேன். வெளிச்சுவரை மட்டும் கல்லூரியின் நீள டேப்பால் அளந்தேன். சுத்தமாகக் கோடு போட்டு, எண் எழுதி, பெருமையாக நீட்டினால் மேடம் முன்பக்கத்து அறைகளை இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வெளிய இருக்கிற வீட்டைவிட உள்ள இருக்கிற வீடு பெருசா இருக்கே. இப்படிக் கட்ட முடிஞ்சா ஊர்ல ஒருத்தருக்கும் இடப் பிரச்சினையே வராது" என்றார். வகுப்பே சிரித்தது. பைப் அண்ணன் மட்டும், "எனக்கும் அப்படியொரு வீடு பாருங்க மேடம், மாமியார் வந்தா வசதியா இருக்கும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டேப்பை உற்றுப் பார்த்தேன். நுனி உடைந்து, முதல் எண்ணே பத்தாக இருந்தது! அப்பாவிடம் காட்டினால் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அது பத்துலதானே ஆரம்பிக்கும், தெரியாதா உனக்கு?" என்கிறார். எத்தனையோ வருஷமாக மனத்துக்குள்ளேயே பத்தைக் கழித்துக் கதவும் அலமாரியும் செய்திருக்கிறார். புதிதாக ஒன்று வாங்கலாமே என்றேன், "எதுக்கு? பட்டதாரிக்குப் பத்தைக் கழிக்க வராதா?" என்று கேலி வேறு. பிறகு மெதுவாக, "சின்னதுல எம்பொண்ணுதான் அந்த முனையைப் பிடிப்பா, நான் அளவைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளே பத்தைக் கழிச்சுடுவா" என்றார். அதைச் சொல்லும்போது மனுஷர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பத்தைக் கழித்தேன், வீடு ஒழுங்காக வீட்டுக்குள் அடங்கிவிட்டது. உன் அறையை மட்டும் அளக்கவில்லை. வெளி அளவிலிருந்து மற்ற அறைகளையும் சுவர்களையும் கழித்து, வெறும் கட்டமாக வரைந்திருந்தேன். மேடம் அதன் மேல் பென்சிலை வைத்து, அலமாரி எங்கே, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டார். தெரியாது என்றேன். கழிச்சுப் பார்த்தது அளந்தது ஆகாதும்மா, இது இல்லாமல் மார்க் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பூட்டியிருக்கா? நான் வந்து கழட்டட்டா?" என்று பைப் அண்ணன். பூட்டே இல்லை, வெறும் தாழ்ப்பாள்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அப்பாவும், "போய் அளந்துக்கோயேன்" என்கிறார், ஆனால் அவரே வாசற்படியோடு நின்றுவிடுகிறார். நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று, உன் அம்மாவின் சாமானெல்லாம் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "இந்த ரூம் இப்படியே இருக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய். அது எனக்குத்தான் என்று புரிந்துகொண்டேன். இரண்டு வருஷமாக வாசற்படி வரைதான் பெருக்குகிறேன். பைப் அண்ணன் தன் வீட்டை அளந்துகொள்ளச் சொல்கிறார், அப்படியும் செய்யலாம்.

அப்பாவுக்கு நீ அனுப்பிய போட்டோவில் உன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு விரிசல் தெரிகிறது. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வை. கோட்டைத் தாண்டினால் உடனே வார்டனிடம் சொல், கட்டிலையும் நகர்த்திப் போட்டுக்கொள். ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு வந்துவிட்டதா தெரியவில்லை, ஆனாலும் செய்கிறேன், நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே.

அன்புடன்,
சித்தி

பி.கு.: வரைபடம் கொடுக்கக் கடைசி நாள் உன் லீவு முடிந்த மறுநாள். நீ வந்ததும், உனக்குச் சம்மதமென்றால் மட்டும், கதவை நீயே திறந்து, அந்த டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாயா?