வட்டு என்றால் வட்டமாகத்தானே இருக்கும்?

டீச்சரம்மா,

லேப்டாப்பைத் தேடாதே, நான்தான் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு. முதல்ல சாப்பிடு, அப்புறம் மீதியைப் படி.

நேத்து நீ "ஆமை மாதிரி ஊர்றதைத் தூக்கிக் குப்பையில போடுங்க"ன்னு சண்டை போட்டியே, எனக்கு ரோஷம் வந்துடுச்சு. காலையில நீ பள்ளிக்கூடம் போனதும் பென்டிரைவைச் சொருகி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட ஆரம்பிச்சேன். இங்கிலீஷோட மல்லுக்கட்டுவானேன்னு தமிழையே தேர்ந்தெடுத்தேன். "வட்டை அழித்துவிட்டு நிறுவவா?"ன்னு கேட்டுது. வட்டுன்னா வட்டமாத்தானே இருக்கும்? உள்ளே கிடந்த பழைய பாட்டு சிடியைத்தான் சொல்லுதுன்னு நினைச்சு, போனா போகட்டும்னு "சரி"யை அமுக்கிட்டேன். அது சொன்னது ஹார்ட் டிஸ்க்கை.

இப்போ குதிரை மாதிரி ஓடுது. உள்ளேதான் ஒண்ணுமே இல்லை. அத்தை சாகறதுக்கு முன்னாடி பெத்த பொண்ணு உன்கிட்ட பேசினதைப் பதிவு பண்ணி வெச்சிருந்தியே, அதுவும் இல்லை.

அவசரத்துல எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா திட்டாதே. ரிப்பேர் கடைக்காரர் போன்ல "மறுபடி ஆன் பண்ணாம கொண்டு வாங்க, பார்க்கலாம்"னார். அந்தப் "பார்க்கலாம்"ங்கிறதை நம்பித்தான் கிளம்பறேன்.

பி.கு: உன் தங்கச்சிகிட்ட அந்தப் பதிவோட காப்பி இருக்கான்னு கேக்க போனை எடுத்தேன். எனக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி உனக்குப் போட்டுக் கொடுத்துடுவா. வெச்சுட்டேன். நீயே கேளு.

இடமில்லை, ஓரத்துல எழுதறேன். அத்தை அதுல கடைசியா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களே, "மாப்பிள்ளை கையில எதையும் கொடுத்துடாதே, பிரிச்சுப் போட்டுடுவார்"னு. எனக்கு இன்னும் காதுல கேக்குது. உனக்கும் கேக்கணுமே.