நாய்க் கழுத்தில் உங்கள் பெயர்

சோறும் வற்றல்குழம்பும் உறியில் இருக்கின்றன.

நகராட்சி மேரி ஆபீஸ் ஆள் வந்திருந்தார். "வெறிநாய்க்கடி அதிகமாயிருக்கு. சொந்தக்காரர் பேர் பதிஞ்சு தகடு போட்ட நாயா இருந்தாலும் சொந்தக்காரர் வீட்டுல கட்டிப்போடணும். உங்க நாய் நெரவி ஊருக்குள்ள கட்டாம திரியுதேம்மா" என்றார்.

நமக்கு ஏது நாய் என்று போய்ப் பார்த்தேன். உங்கள் அத்தை மகள் ராஜத்தின் நாய். தகட்டில் உங்கள் பெயர். தகடு வாங்கித்தர அவளுக்குப் புருஷன் இல்லையா? தாலி ஏறிய நாள் முதல் நான் வாயால் சொல்லாத பெயர், அவள் நாயின் கழுத்தில் தொங்குகிறது.

சட்டப்படி அதை நம் கொல்லையில் கட்டிவிட்டேன். நான் கோயிலுக்குப் போகிறேன். வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

நாய்க்குச் சோறு வைத்தாயிற்று. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

ராஜம் கேட்டு வந்தால் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயர் போட்டது எதுவும் இனி இந்த வீட்டைவிட்டுப் போகாது.