பருத்தி வரப்பில் ஆமணக்கு

நாச்சியாபுரம்
மார்கழி, 1974

அன்புள்ள மருமகளுக்கு மாமா சொல்லி எழுதுவது.

பருத்தியைச் சுற்றி நீ நட்ட ஆமணக்கில் புழு மொய்த்ததும், நீதான் பூச்சியைக் கூட்டி வந்தாய் என்று எல்லார் முன்னாலும் ஏசினேன்.

"பிடுங்காதீக மாமா. புழு ஆமணக்கோட நிக்கட்டும். முட்டை இருக்க இலையைக் கிள்ளி நசுக்கிருவோம்" என்றாய்.

"ரேடியோவைக் கேட்டுட்டு எனக்கே வெள்ளாமை சொல்லித் தர்றியா?" என்று மூன்று பக்கமும் பிடுங்கி எறிந்தேன். நீ உன் அம்மா வீட்டுக்குத் தேவகோட்டை பஸ் ஏறினாய்.

அந்த மூன்று பக்கமும் புழு பருத்திக்குள் இறங்கிவிட்டது. இரண்டு தடவை மருந்தடித்தும் அடங்கவில்லை. கை வலித்து நான் பிடுங்காமல் விட்ட தெற்குப் பக்கத்தில் மட்டும் காய் பழுதில்லாமல் நிற்கிறது. ஐம்பது வருஷம் பருத்தி போட்ட எனக்கு உன் கண் இல்லை, ஆத்தா. தினமும் காலையில் உன்னைப் போலவே இலை கிள்ளுகிறேன். நீ ஒரு வரப்பை முடிக்கும் நேரத்தில் எனக்கு நாலு செடிதான் ஆகிறது.

டீக்கடையில் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். "மருமககிட்டச் சொன்னீகளா?" என்று கேட்டார்கள்.

எழுதுகிறவன் உன் புருஷன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் நிறுத்திய பிறகும் எழுதிக்கொண்டே இருக்கிறான். அதையும் படித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் மாமா