முக்கி எடுத்த கீரைக்கட்டு குறித்து ஏந்தலூர்த் தலைவருக்கு விடுத்த ஓலை

வளமும் வாய்மையும் ஓங்குக. அருவி பல பாயும் அருவந்தை நாடாளும் நங்கைமாதேவி எழுதுவித்த ஓலை. மும்முறை பொன்னாடை பெற்றவரும், விருந்தென்றால் காய்ச்சலையும் மறந்து எழுந்து வருபவருமாகிய ஏந்தலூர்த் தலைவர் கீரங்கண்ணனார் காண்க. உம் ஊரும் உழவும் மாடும் மக்களும் வாழ்க. உம் வயிற்றை யாம் தனியே வாழ்த்த வேண்டியதில்லை. அது நலமாயிருப்பதை நேரிலேயே கண்டோம்.

ஊர்ப்பள்ளிப் பிள்ளைகளின் நண்பகல் உணவில் பருப்பும் கீரையும் இடப்பட வேண்டும் என்று சென்ற அறுவடையின்போது அவையோர் ஒப்புதலுடன் சட்டம் இயற்றினோம். அவ்வாறே இடப்படுகிறது என்று நீர் திங்கள்தோறும் முத்திரையிட்டு எழுதினீர். யாமும் நம்பித் தொலைத்தோம். ஆயினும் தத்தை என்னும் ஏழு வயதுச் சிறுமி வாய்ப்பாடு ஒப்பிக்கையில் பசியால் மயங்கி விழுந்தாள் என்று உம்மூர் மருத்துவர் எழுதவே, முன்னறிவிப்பின்றி வந்து பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்தோம்.

அங்கே கண்டதை எழுதுகையில் எம் எழுத்தருக்குச் சிரிப்பு வருகிறது. எமக்கோ வயிறு எரிகிறது. பள்ளிச் சமையற்காரர் முளைக்கீரைக் கட்டை அவிழ்க்காமலே கயிற்றில் கட்டிக் குழம்பில் இறக்கினார். உடனே தூக்கி, நீரை உதறி, வாசலில் நின்ற மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார். அக்கட்டு மூன்று நாளாக ஐந்தூர் சுற்றி வருகிறதாம். வினவியபோது, கீரையை இடவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, திரும்ப எடுக்கலாகாது என்று சொல்லவில்லை எனத் தலைவரே விளக்கியதாக அவர் பணிவுடன் விண்ணப்பித்தார். பருப்பு எங்கே என்று தத்தையைக் கேட்டோம். அவள் இலை முழுதும் தேடி, ஒரு கடுகைக் காட்டினாள். அன்று எம் அரண்மனையில் பதினாறு கறி சமைத்திருந்தார்கள். வெட்கத்தால் எமக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே சட்டத்தைத் திருத்தினோம். இட்ட கீரையும் பருப்பும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்ச் சேருதல் வேண்டும். உம் வீட்டுச் சமையற்காரர் இன்றே பள்ளிக்கு மாற்றப்பட்டார். இனி உமக்கும் உம் அலுவலர்க்கும் நண்பகல் உணவு பள்ளியில்தான். பிள்ளைகள் உண்டு எழுந்த பின், பானையில் எஞ்சியது எதுவோ அதுவே. தத்தை இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளியாதீர். ஒன்றும் எஞ்சாவிடில் தண்ணீர் குடித்துவிட்டு அலுவலுக்குத் திரும்புக.

இது எம் ஆணை. அருவி இலச்சினை பொறித்தோம். கதிரும் நிலவும் உள்ளவரை செல்லும். இதை ஏந்தி வரும் தூதர் சரியாக நண்பகலில் உம் இல்லம் புகுந்து இதை உரக்க வாசிக்குமாறு பணித்துள்ளோம். அவர் வாசித்து முடித்துவிட்டார். இலையை விட்டு எழுந்திரும்.