கயிற்றால் கட்டிய ஏழு வீடுகள்

அனுப்புபவர்:
மு. அபூதாஹிர்,
(முன்னாள் துறைமுகக் கயிற்று வேலையாள்)
கண்டல்துறை,
கிண்ணியா.

பெறுபவர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
திருகோணமலை.

விடயம்: களப்போரத்தில் நான் கட்டியதை அகற்றும்படி வந்த கட்டளையை நீக்கி, மறுபடியும் கட்ட அனுமதி கோரல் (அவசரம்).

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் நல்ல செய்தி. சென்ற மாதக் கடைசியில் அடித்த காற்றிலும் வெள்ளத்திலும் எங்கள் கண்டல்துறையில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. அல்லாஹ்வின் காவலுக்கு அடுத்தபடியாக அதற்குக் காரணம் என்னுடைய முடிச்சு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன்.

2. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆறாவதும் படித்திருப்பேன், வாத்தியார் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தில் கயிற்று வேலை பார்த்தேன். நான் போட்ட முடிச்சை அவிழ்க்க ஏலாமல் ஒரு யுத்தக் கப்பல் அரை நாள் தாமதமாகப் புறப்பட்டது. கப்பல் தலைவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி எனக்கு மரியாதை செய்தார். அறுபத்து நான்காம் ஆண்டுச் சூறாவளியில் என் கூரையிலிருந்து ஒரேயொரு தென்னோலைக் கிடுகு பறந்தது. அதுவும் மறுநாள் திரும்பி வந்தது.

3. எங்கள் பகுதியில் வாடைக் காற்றுக்கு முன் வீட்டைக் கட்டுவது வழக்கம். கட்டுவது என்றால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டுவதல்ல. இருக்கிற வீட்டைக் கயிறு போட்டுக் கட்டுவது. கரைவலை இழுத்துப் பழசான தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கூரைக்கு மேலால் குறுக்கும் நெடுக்குமாக எறிந்து, நிலத்தில் அடித்த முளைகளில் இறுக்கிவிட்டால் கிடுகு, கைமரம், சுவர் எல்லாம் ஒரே பொதியாகிவிடும். கார்த்திகை பிறந்தால் எங்களூரில் சுகம் விசாரிக்கிறவர்கூட "வீடு கட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்.

4. இந்த வருடம் வானொலியில் தாழமுக்கம், பெருங்காற்று வரும் என்று சொன்ன உடனே வேலையைத் தொடங்கினேன். முதலில் என் தங்கை றுக்கியாவின் வீடு. அவள் விதவை. அவளுடைய மகள் ஸுல்பிகா பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழியாமல் அங்கேதான் இருக்கிறாள். வீடு கடல்நீர் வந்துபோகும் களப்பின் ஓரம், அரச காணியில் இருப்பது உண்மை. ஆனால் காலஞ்சென்ற மச்சான் முறையாகப் பெற்ற உத்தரவுப் பத்திரம் பெட்டகத்தில் இருக்கிறது. வீடும் பழைய வீடு. வெள்ளம் வழிய வாய்க்கால் வெட்டினேன், நெல்லைப் பரணில் ஏற்றினேன், தோணியைச் சமையல் குசினி வாசலில் நங்கூரமிட்டேன். பிறகு என் வீட்டையும் அயல்வீட்டு மைமூனாவின் வீட்டையும் கட்டினேன்.

5. அன்று மாலை சோமசேகரத்தின் தேத்தண்ணிக் கடையில் புதிய கிராமசேவகர் இருந்தார். ஓட்டு வீடுகள் நிறைந்த வெளியூரிலிருந்து வந்தவர். அங்கே வீட்டைக் கயிற்றால் கட்டும் பழக்கம் இல்லை. என் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்து மரியாதையாக விசாரித்தார். "ஒரே நாளில ஏழு வீடு கட்டினனான் ஐயா. ஒருத்தரும் கை குடுக்கல்ல" என்று உள்ளதைச் சொன்னேன். எங்கே என்றார். களப்போரம் என்றேன். காணி யாருடையது என்றார். "அரசாங்கத்திட காணிதான். காத்துக்கு அது தெரியுமா?" என்றேன். கடை முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் பேனையை எடுத்தார். என் திறமையைக் குறித்துக் கொள்கிறார் என்று எண்ணி, என் பெயரை எழுத்துக் கூட்டி நானே சொல்லிக் கொடுத்தேன்.

6. ஏழு என்ற கணக்கில் பொய் இல்லை. மூன்று வீடுகள், தனிக் கூரையுள்ள மூன்று குசினிகள், சோமசேகரத்தின் கடை. கூட்டிப் பார்க்கவும்.

7. மறுநாள் காற்று வந்தது. அதை அளக்க அரசாங்கத்திடம் கருவி இருக்கலாம். எங்களிடம் மைமூனாவின் சேவல் இருந்தது. அது பின்பக்கமாகப் பறந்ததை நான் கண்டேன். களப்புத் தண்ணீர் படியைத் தொட்டது. றுக்கியாவின் கூரை மூச்சு வாங்குவது போல எழும்பும், கயிறு இழுத்துப் பிடிக்கும், திரும்ப அமரும். இப்படியே மாலை வரை நடந்தது. பிள்ளை ஒரு தரம் சிணுங்கிவிட்டுத் தூங்கிவிட்டது. காற்று விட்டதும் றுக்கியா வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தது என் ஆயுளில் அதுவே முதல் தடவை.

8. அந்த நிம்மதியில் இருக்கும்போதுதான் கிராமசேவகரின் கடிதம் வந்தது. அரச காணியில் அனுமதியின்றி ஏழு வீடுகள் கட்டியதாக நானே ஒப்புக்கொண்டமையால், கட்டியவற்றை உடனே அகற்ற வேண்டும், தவறினால் இடிக்கப்படும், பிரதி தங்கள் கச்சேரிக்கு என்று இருந்தது. வாசித்த ஸுல்பிகா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக் கொண்டாள். அண்ணன் என்றும் பாராமல் றுக்கியாவுக்குப் பேச்சுத் திரும்பி வந்தது. "காக்கா, கூரைக்குப் போட்ட கயித்தில ஒரு முழம் மிச்சம் பிடிச்சு ஒங்கட வாய்க்கும் போட்டிருந்தா இந்தக் கடதாசி வந்திராது" என்றாள்.

9. நான் சட்டத்தை மதிப்பவன். கட்டியதை அகற்றச் சொன்னார்கள்; கட்டிய கயிறு எல்லாவற்றையும் அன்றே அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். கிராமசேவகர் இரண்டு கூலியாட்களுடன் வந்து ஏழு புது வீடுகளைத் தேடினார். மூன்று பழைய வீடுகளும், கயிற்றுச் சுருளின் மேல் நானும் இருந்தோம். விளக்கிச் சொன்னேன். கயிற்றின் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, அவரும் சுருளின் மேல் அமர்ந்துவிட்டார். நல்ல மனிதர். "பிழையா விளங்கிட்டன். ஆனா கச்சேரிக்குப் போன கடதாசியை என்னால திருப்ப ஏலாது. பெரியவருக்கு எழுதுங்கோ" என்றார். கூலியாட்கள் இடிக்கக் கொண்டுவந்த அலவாங்கை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். எங்களுக்கும் போன உயிர் வந்தது.

10. எனினும், கட்டளை நீங்கும்வரை அங்கே எதைக் கட்டினாலும் குற்றமாகும் என்று அவர் அஞ்சுகிறார். ஆகையால் கயிறு முற்றத்தில் கிடக்கிறது, கூரை அவிழ்ந்து நிற்கிறது. நேற்று வானொலி மறுபடியும் தாழமுக்கம் என்றது. நான் எத்தனையோ காற்றுகளைக் கண்டவன், எனக்குப் பயமில்லை. ஸுல்பிகாவின் பிள்ளைக்கு அந்த அனுபவம் இல்லை.

11. ஆகவே, மேற்படி கட்டளையை நீக்கி, காற்று வருமுன் றுக்கியாவின் வீட்டை மறுபடியும் கட்ட அனுமதி தருமாறு மன்றாடுகிறேன். பதிலில் "அபூதாஹிர் கட்டலாம்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் ஐயா. நாளைக்கு இன்னொரு கிராமசேவகர் வரக்கூடும். "கயிற்றால்" என்ற ஒரு சொல்லைத் தங்கள் கையாலேயே முன்னால் சேர்த்துவிடவும். அந்தச் சொல் வரும்வரை நான் முளைகளைப் பிடுங்காமல், கயிற்றை நனையாமல் காத்து, வாயையும் கட்டி வைத்திருப்பேன்.

தங்கள் கைச்சாத்துக்காக வழி பார்த்திருக்கும்,
மு. அபூதாஹிர் (ஒப்பம்)

கண்டல்துறை
05.12.1966

இணைப்பு: கட்டளைக் கடிதம், என் முடிச்சு உள்ள ஒரு முழக் கயிறு. (அவிழ்க்க முயல வேண்டாம். கப்பல் தலைவருக்கே ஏலவில்லை.)