இளஞ்சிவப்புத் தண்ணீர்

காந்தாபா,
ஜனவரி 11

அன்பு மகள் ரோவெனாவுக்கு அம்மா எழுதுவது. உன் இருமல் விட்டதா, அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதுமே உன் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

அவர் வரைந்து அனுப்பிய நம் சதுப்பு நிலப் படத்தை நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாட்டியிருப்பதாகவும், தண்ணீரை இளஞ்சிவப்பாகவும் நாணலை ஊதாவாகவும் தீட்ட எப்படித் தோன்றியது என்று எல்லோரும் கேட்பதாகவும் சொன்னாயே, அன்று கற்பனைதான் என்று சிரித்தார். கற்பனை இல்லை கண்ணே. அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. போன மழையில் வாத்துகளை ஓட்டிப்போனவர் கரை என்று நினைத்து வாய்க்காலுக்குள் கால் வைத்துவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் காக்கத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாத்துகளை எதிர்வீட்டு ஒலிம்பியாவிடம் கொடுத்துவிட்டோம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சும்மா இருக்க முடியாமல்தான் நீ விட்டுப்போன அக்ரிலிக் சாயப் பெட்டியைத் திறந்தார். குழாயில் எழுதியிருப்பது தெரியாது, அவர் கேட்கும் நிறத்தை நான் பிதுக்கித் தரவேண்டும். அந்தச் சாயமோ நிமிடத்தில் காய்ந்துவிடும், உடனுக்குடன் கேட்பார். அன்று விடியலிலிருந்து ஒலிம்பியா தந்த வாத்து முட்டைகளை உப்பில் போட்டு, ஊறியவற்றுக்கு வழக்கம்போல் ஓட்டில் சிவப்புச் சாயம் பூசி, துணி துவைத்து, எனக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. தண்ணிக்கு நீலம் கொடு என்றார். கைக்கு வந்ததைப் பிதுக்கினேன். இளஞ்சிவப்பு என்று தெரிந்தது, எழுந்து மாற்ற உடம்பு வரவில்லை. அவர் கண்டுபிடித்துத் திட்டட்டும் என்று பார்த்திருந்தேன். திட்டவில்லை. பட்டையான தூரிகையால் சதுப்பு முழுக்க அதையே இழுத்தார். அப்போதுதான் எவ்வளவு போய்விட்டது என்று எனக்கு உறைத்தது.

பிறகு பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டு, "பெத்துவா, இன்னிக்குத்தான் தண்ணி எங்க முடியுது, நாணல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுது" என்றார். என்னால் தாங்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். தூரிகை அவர் கையிலேயே காய்ந்து கட்டையாகிவிட்டது. கடைசியில், "நீலமும் பச்சையும் எனக்கு ஒரே சேறாத்தான் இருக்கு. மத்ததையும் பளிச்சுனு எடுத்துக் குடு" என்றார். ஊதா நாணல், ஆரஞ்சுக் கொக்கு எல்லாம் அப்படி வந்ததுதான். ஒலிம்பியா பார்த்துவிட்டு, "ஏண்ணே, தண்ணியில யாரு ரோஜாப் பாகு கொட்டினது?" என்று கிண்டல் செய்தாள். "உன் வாத்தை இதுல இறக்கு, முட்டையே சிவப்பா போடும், சாயம் பூசுற வேலை மிச்சம்" என்றார் இவர். அவள் போனபிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அலுத்துவிட்டது ரோவெனா. அவரைப் பார்த்துக்கொள்வதில்கூட இல்லை, உன்னிடம் மறைப்பதில். சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு போகட்டும். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிவருகிறது, நடுவில் கொஞ்சம் இருக்கிறது. சதுப்புக்கு வலசை வந்த பறவைகள் மார்ச்சில் கிளம்புவதற்குள் லீவு கேட்டுப் பார். அழுதுகொண்டு வராதே, நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே. கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

ஒன்று மறக்காதே. வரும்போது அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு வராதே. நல்ல சிவப்பில் ஏதாவது உடுத்திக்கொள். விமான நிலையத்தில் நான் கைகாட்டமாட்டேன், அவரே உன்னைக் கண்டுபிடிக்கட்டும்.

உன் அம்மா,
பெர்பெத்துவா