பனிமலை அடுப்பின் வயசு

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நேற்று நீ தோண்டியெடுத்த அடுப்புக் கரிக்கு வயசு சொல்லிவிட்டார்கள். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

நெருப்பெரிச்சலில் நான் தைக்கும் பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். வடக்கே உன்னோடு அகழாய்வு செய்த தீபா போனில் கூப்பிட்டாள். அவள் பேசியது புரிய, வடநாட்டுப் பெண்களோடு தைத்துத் தைத்து வந்த இந்தி எனக்குப் போதுமாக இருந்தது.

"உங்க அக்கா சொன்னதுதான் சரி" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்தப் பனிமலைப் பள்ளத்தாக்கில் கிடைத்த அடுப்புக் கரியை, ஆட்டுக்காரர்கள் சமீபத்தில் மூட்டிய தீ என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். குழியை மூடவே போனார்கள். இன்னும் ஒரு முழம் தோண்டலாம் என்று நீ ஒருத்திதான் மல்லுக்கு நின்றாய். கீழே இன்னொரு அடுப்பு இருந்தது. அதன் கரியைக் கைபடாமல் எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு ஊருக்கு வந்தவள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

"மரம் செத்ததுலருந்து அதுக்குள்ள ஒரு வகைக் கார்பன் கொஞ்சங்கொஞ்சமாக் கொறையும் கண்ணு. மிச்சத்தை அளந்தா வயசு தெரிஞ்சுரும்" என்று கட்டிலில் படுத்தபடி எனக்குச் சொன்னாய். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

அந்தக் கீழ் அடுப்பு ஆயிரக்கணக்கான வருஷம் பழசாம் அக்கா. அவ்வளவு முந்தி அந்தக் குளிரில் மனிதர்கள் தங்கியிருப்பார்கள் என்று யாருமே நினைக்கவில்லையாம்.

"நல்ல சேதிங்களா?" என்று பக்கத்து மிஷின் சுமதி கேட்டாள். "ஆமாங்க" என்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம் ஓடினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"செத்த மரத்துக்கு வயசு சொல்லிட்டாங்களாக்கும். எம்புள்ளைக்கு இனி வயசு ஏறுமா கண்ணு?"

கூடவே உட்கார்ந்து கீரை உருவினேன்.

அங்கே அடுப்பு மூட்டியது யார்? எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள்? உன்னிடம் கேட்க வேண்டியவை இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன.

பனி உருகியதும் மறுபடி தோண்டப் போகிறார்களாம். "நீங்களும் வர்றீங்களா? மண் சலிக்க ஆள் வேணும்" என்று தீபா கேட்டாள். கோயமுத்தூரைத் தாண்டியிராத நான் சரி என்றுவிட்டேன்.

கட்டாயம் போவேன் அக்கா. குழி ஓரத்தில் நீ உட்கார்ந்த இடம் எது என்று கேட்டுவைத்துக்கொண்டு, அதை உனக்கே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கச்சி